இன்னும் மகரிப் ஆகவில்லை

துப்பட்டியின் மடிப்பு கலையாமல் இருந்தது. ஜஹனாராவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

மகள் மிஸ்பா தொழும்போது போர்த்திக்கொள்கிற வெள்ளைத் துப்பட்டி அது. துவைத்து, அடுப்படிச் சூட்டில் காயவைத்து, பூச்சி அண்டாமல் மடிப்புக்குள் ஓர் அந்துருண்டையையும் வைத்து, பெண் பிள்ளைகள் தங்கும் அறையின் கொடியில் ஜஹனாராதான் போட்டிருந்தாள். அது ஆகி ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். இப்போது எடுத்துப் பார்த்தால் போட்ட மடிப்பு அப்படியே விறைத்துக் கிடந்தது, உள்ளே அந்துருண்டை இடம் மாறாமல் உட்கார்ந்திருந்தது, மலையின் ஈரம் ஏறித் துணி கனத்திருந்தது. எந்தத் தொழுகை தவறினாலும் பொழுது சாய்ந்ததும் தொழுகிற மகரிப்பை மிஸ்பா விடவே மாட்டாள். அவளைப் பெற்ற அத்தா சைஃபுல்லாவை அடக்கம் செய்த அன்றுகூட, அழுது வீங்கின முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்ற பிள்ளை.

ஜஹனாரா படிப்புக்கூடத்துக்குப் போனாள். கதவைத் திறந்ததும் வெளிச்சம் முகத்தில் அடித்தது. உள்ளே பேனாக்கள் ஓடுகிற சத்தம் மட்டும், காய்ந்த இலைமேல் மழை விழுகிற மாதிரி. மகளை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“மகரிப் தொழுதியாடி?”

மிஸ்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியில் கூடத்து விளக்குகளின் வெள்ளைதான் தெரிந்தது.

“இன்னும் மகரிப் ஆகலையேம்மா.”

விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை. ஜஹனாரா இரவுத் தொழுகையான இஷாவையே முடித்துவிட்டு வந்திருந்தாள். வெளியே கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு. “சரி, ஆனதும் தொழு” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

வில்பட்டிக்கு மேலே, சீகைமரக் காட்டை ஒட்டி இருந்தது அந்தப் பயிற்சி விடுதி. மருத்துவ நுழைவுத் தேர்வை ஒருமுறை எழுதித் தவறவிட்ட பிள்ளைகள் அங்கே தங்கி மறுபடி படித்தார்கள். நடத்துகிற செல்வமுருகன் ஆதியில் பூ விவசாயி. விடுதிக்குப் பின்னாலேயே அவருடைய பாலிஹவுஸ், பிளாஸ்டிக் கூரை போட்ட நீளக் கொட்டகை, உள்ளே முழுக்கச் செவ்வந்தி. ஜஹனாரா அங்கே பூக்கட்டு கட்டத்தான் முதலில் வந்தாள். சைஃபுல்லா போனபிறகு, “வார்டனா இரும்மா, உன் பொண்ணுக்கு இங்கயே சீட் தர்றேன்” என்றார் அவர். ஜஹனாராவுக்கு இந்த உலகத்தில் மிஸ்பாவை விட்டால் யாரும் இல்லை. அவள் டாக்டராகி, சொந்தக் காலில் நிற்பதைப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் அவள் முப்பத்திரண்டு பிள்ளைகளின் எச்சில் தட்டையும் முகம் சுளிக்காமல் எடுத்தாள்.

கார்த்திகை பிறந்ததிலிருந்து மலையில் வெயிலே இல்லை. காலையில் பள்ளங்கிப் பக்கத்திலிருந்து ஏறுகிற மூடுபனி, மலைக்காரர்கள் சொல்கிற மஞ்சு, மத்தியானத்துக்குள் ஜன்னலை அடைத்துவிடும், பகலா அந்தியா என்று பிரிக்க முடியாத சாம்பல் வெளிச்சத்தில் தைலமர வாசனையும் நனைந்த ஸ்வெட்டர்களின் கவிச்சியும் கூடத்துக்குள் சேர்ந்து கனக்கும், சோறு இறங்கியதும் பிள்ளைகளின் தலைகள் ஒவ்வொன்றாகச் சாயும். கவுஞ்சிக்காரப் பயல் டேனி பேனாவைப் பிடித்தபடியே குறட்டை விடுவான். மாதிரித் தேர்வுகளில் மார்க் சரிந்தது. பெற்றவர்கள் போனில் செல்வமுருகனை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள்.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் செவ்வந்தி வைத்தியம்தான். இரவு நீளமாக இருந்தால் செவ்வந்தி மொட்டு வைத்துவிடும், மொட்டு வைத்தால் தண்டு வளராது. அதனால் தண்டு நீளும்வரை நடுச்சாமத்தில் கொட்டகையில் கொஞ்சநேரம் விளக்கைப் போட்டு அணைப்பார்கள். இரவு வந்ததே செடிக்குத் தெரியாது. அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும்.

“பூ வந்துட்டா செடி வளராது, தூக்கம் வந்துட்டா புள்ளை படிக்காது. அம்புட்டுத்தான் சோலி” என்றார் செல்வமுருகன். கூடத்தின் கூரை முழுக்கப் பளீரென்ற வெள்ளை விளக்குகளை மாட்டினார். படுக்கும் அறைகளிலும் செவ்வந்திக் கொட்டகையோடு சேர்ந்து எரிந்து அணைகிற மாதிரி விளக்குப் போட்டார்.

வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொட்டாவி நின்றது. மார்க் ஏறியது, எல்லோருக்கும் ஏறியது. மிஸ்பா முதல் மூன்று பேரில் வந்தாள். கூடத்துக்குள் நுழைந்தால் ஜஹனாராவுக்கே மண்டைக்குள் ஜன்னலைத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எப்போதோ மறந்துபோன சைஃபுல்லாவின் பழைய கடை போன் நம்பர் தடையில்லாமல் வந்தது. களைப்பு, கால் கடுப்பு, கவலை எதுவும் இல்லை. வெளியே வந்ததும் எல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்து உட்காரும். அதனால் அவளும் அடிக்கடி உள்ளே போய் நின்றாள். மார்க்கைப் பார்த்த சந்தோஷத்தில், விரும்பின பிள்ளை இரவெல்லாம் படிக்கட்டும் என்று செல்வமுருகன் கூடத்து விளக்கை அணைப்பதையே விட்டுவிட்டார்.

துப்பட்டியைப் பார்த்த மறுநாள் காலையில் அவள் படுக்கைகளைப் பார்த்தாள். எந்த விரிப்பிலும் சுருக்கம் இல்லை. யாரும் படுக்கவே வரவில்லை.

அதன்பிறகு கண் தானாகத் தேட ஆரம்பித்தது. குளியலறையில் சோப்புகள் தேயவில்லை, சோப்பில் பதித்திருந்த எழுத்து அழியாமல் இருந்தது. ஆக்கின சோறு அண்டாவோடு திரும்பி வந்தது. “இப்பத்தானே சாப்பிட்டோம் வார்டனம்மா” என்றான் டேனி, மலர்ந்த முகத்தோடு. ஆனால் ஒரு பிள்ளையும் இளைக்கவில்லை. ஸ்டோர் ரூமில், பெண் பிள்ளைகளுக்காக வாங்கி அடுக்கின நாப்கின் பெட்டியை இழுத்துப் பார்த்தாள். விளக்குப் போட்ட வாரம் வாங்கியது. மேலே ஒட்டின டேப் கிழியவில்லை. பதினாறு பெண் பிள்ளைகள் இருக்கிற விடுதியில் ஒருத்திகூட வந்து கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நகவெட்டியை எடுத்துக்கொண்டு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வெள்ளிதோறும் நகம் வெட்டிவிடுவது சின்னதிலிருந்தே பழக்கம், விளக்குப் போட்டதிலிருந்துதான் விட்டுப்போயிருந்தது. விரலைப் பிடித்துப் பார்த்தாள். வெட்டுவதற்கு நகமே இல்லை. கடைசியாக வெட்டின கோணம்கூட, சுண்டுவிரலில் சற்றுச் சாய்வாக, மழுங்காமல் இருந்தது.

“நேத்து என்னடி சாப்பிட்ட?”

“நேத்து லீவுல்ல. வீட்ல நீ ஆட்டுக்கால் வச்ச.”

ஆட்டுக்கால் வைத்தது விளக்குப் போடுவதற்கு முந்தின நாள்.

“நீ போய்த் தூங்கிட்டு வா மிஸ்பா. அம்மா சொல்றேன்ல.”

“பகல்ல எதுக்கும்மா தூங்கணும்?” என்றாள் மிஸ்பா. அவள் பேனா நிற்கவில்லை.

செல்வமுருகன் கொட்டகையில் இருந்தார். செவ்வந்திகள் இடுப்புயரத்துக்கு நின்றன, ஒரு மொட்டு இல்லாமல், கரும்பச்சையாக, கசப்பு வாடையோடு. ஜஹனாரா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

“புள்ளைக சந்தோசமாத்தானே இருக்குதுக? நீ எதுக்கும்மா கெடந்து அடிச்சுக்கிற?”

“அண்ணே, செடிக்கு லைட்டை நிறுத்துவோம்ல. நிறுத்துனதும் என்ன ஆகும்?”

“தெரியாத மாதிரி கேக்குற. அம்புட்டும் ஒண்ணா மொட்டு வச்சிரும்.” கையிலிருந்த தண்டை விட்டுவிட்டு விடுதியின் பக்கம் ஒருமுறை பார்த்தார். “கண்டதையும் நெனைக்காத. போய்ச் சோலியப் பாரு.”

ஊர்ப்பிள்ளைகளைப் பற்றி நினைக்க அவளுக்குத் தெம்பு இல்லை. தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், அவ்வளவுதான். மத்தியானம், ஆசிரியர் இல்லாத நேரம் பார்த்து, மிஸ்பாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். கொடைக்கானல் பஜாரில் மச்சினர் அமானுல்லாவின் வீடு இருக்கிறது, ஒரு வாரம் நன்றாகத் தூங்கட்டும். “எங்கம்மா?” என்று கேட்டபடியே மிஸ்பா பின்னால் வந்தாள், பேனாவைக்கூட வைக்காமல்.

வெளியே மஞ்சு. வாசல் படியோடு உலகம் முடிந்துவிட்ட மாதிரி வெள்ளையாக, நனைந்த பஞ்சு மூக்கில் ஏறுகிற மாதிரி ஈரமாக, சீகைமரங்களிலிருந்து சொட்டுகிற நீர் எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாமல் சுற்றிலும் சொட்டிக்கொண்டிருந்தது. கேட் வரைக்கும் சரளைக்கல் பாதை. மிஸ்பாவின் செருப்புச் சத்தம் முதலில் அவளுடையதோடு சேர்ந்து வந்தது. பிறகு பிந்தியது. இழுபட்டது.

“அம்மா, இருட்டுது.”

“மஞ்சுடி அது. வெரசா வா.”

கை கனத்தது. குளிர்ந்தது. ஜஹனாரா திரும்பிப் பார்க்காமல் இழுத்தாள். கேட் எங்கே என்று தெரியவில்லை. மகளின் மூச்சு பக்கத்தில் கேட்டது, நீளமாக. அடுத்த மூச்சுக்கு நேரம் ஆனது. அதற்கடுத்ததற்கு இன்னும் நேரம் ஆனது.

உள்ளங்கையில் ஏதோ குத்தியது.

பேனா என்று நினைத்தாள். பேனா எப்போதோ விழுந்திருந்தது. குத்தியவை நான்கு. மெல்ல, அழுத்தமாக, அவள் தோலில் ஊர்ந்து முன்னே வந்துகொண்டிருந்தன. கையைத் தூக்கிப் பார்த்தாள்.

நகங்கள்.

வளர்ந்துகொண்டிருந்தன. அவள் பார்க்கப் பார்க்க.

மிஸ்பா அவள் தோளில் சாய்ந்தாள். கண் பாதி மூடியிருந்தது. ஜஹனாரா அவள் மூக்குக்குக் கீழே விரல் வைத்தாள். ஒன்றுமில்லை.

எப்படித் தூக்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. தன் உயரத்துக்கு வளர்ந்த பிள்ளையை நெஞ்சோடு அணைத்து இழுத்துக்கொண்டு, சரளையில் இரண்டுமுறை முட்டி உடைய விழுந்து, அந்த வெளிச்சத்தை நோக்கியே திரும்ப ஓடினாள். கூடத்து வாசலைத் தாண்டிக் கிடத்தினாள். வெள்ளை வெளிச்சம் முகத்தில் விழுந்தது. விழுந்த சற்று நேரத்தில் மிஸ்பா கண்ணைத் திறந்தாள்.

“ஏம்மா அழுவுற? முட்டியெல்லாம் ரத்தமா இருக்கு.” எழுந்து தன் இடத்துக்குப் போனாள். நகம் நீண்ட விரல்களால் வேறொரு பேனாவைத் தேடி எடுத்து, விட்ட வாக்கியத்தைத் தொடர்ந்தாள். யாரும் தலை நிமிரவில்லை.

அந்த விளக்கின் கீழேயே உட்கார்ந்து ஜஹனாரா மகளின் நகங்களை வெட்டினாள். வெட்டினதைத் துணியில் முடிந்து கொண்டுபோய்ச் செல்வமுருகன் முன்னால் அவிழ்த்தாள். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். அன்றைக்கே ஜீப்பில் போய் ஜெனரேட்டருக்கு டீசல் கேன்களோடு வந்தார்.

கொடைக்கானலிலிருந்து ஒரு டாக்டரையும் கூட்டி வந்தார்கள். அவர் கூடத்துக்குள்ளேயே பிள்ளைகளைப் பார்த்தார். நாடி, கண், நெஞ்சு எல்லாம் நன்றாக இருக்கிறது, இவ்வளவு சுறுசுறுப்பான பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை என்றார். நகக் கதையைக் கேட்டதும் ஜஹனாராவைத்தான் கவனமாகப் பார்த்தார். “நீங்க கடைசியா எப்பம்மா தூங்குனீங்க?” அவள் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

பொங்கல் லீவைச் செல்வமுருகன் ரத்து செய்தார். பெற்றவர்களிடம் ஏதேதோ சொன்னார். அவர்கள் மார்க்கைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். அவரும் அவளும் மாற்றி மாற்றிக் காவல் இருந்தார்கள், திருடனுக்கு இல்லை, சுவிட்சுக்கு. கொட்டகையில் செவ்வந்தியை அவர் பார்ப்பதே இல்லை. மின்சாரம் ஒரு நொடி சிமிட்டினால் முப்பத்திரண்டு பேனாக்களும் ஒன்றாக நிற்கும், ஒன்றாக ஓடும். அந்த ஒரு நொடியில் ஜஹனாரா பத்து முறை செத்துப் பிழைப்பாள்.

“அம்மா, இன்னைக்கு மகரிப் ரொம்ப லேட்டாகுதுல்ல?” என்று மிஸ்பா ஒருமுறை கேட்டாள்.

“ஆமாடி. நீ படி.”

காற்று பிடித்தது தை மாதத்தில், காலம் தப்பின மழையோடு. கம்பிமேல் மரம் விழுந்து மின்சாரம் போனது. ஜெனரேட்டர் அன்று முழுக்க ஓடியது. மறுநாள் டீசல் அடிமட்டத்துக்கு வந்ததும் செல்வமுருகன் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் போன் வந்தது.

“ரோட்டுல நெடுக மரம் விழுந்து கெடக்கு. கேனைத் தூக்கிட்டு நடந்தாச்சும் வந்துர்றேன். அதுவரைக்கும் அணைய விட்டுராத தாயி.” அவர் அழுவது அவளுக்குக் கேட்டது.

மஞ்சு ஜன்னலை அடைத்திருந்தது. அதற்கு அப்பால் பகல் மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது. ஜஹனாரா அறை அறையாக ஓடி எமர்ஜென்சி விளக்குகளைப் பொறுக்கினாள், மெழுகுவர்த்தி எடுத்தாள், போனின் டார்ச்சைப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றையும் மகளின் மேசையைச் சுற்றி வைத்தாள். மற்ற பிள்ளைகளை ஏறிட்டுப் பார்க்க வெட்கமாக இருந்தது. டேனி அவளைப் பார்த்துச் சிரித்தான். “என்ன வார்டனம்மா, மிஸ்பாவுக்கு பர்த்டேவா?”

பின்பக்கம் ஜெனரேட்டர் இருமியது.

விளக்குகள் மங்கின. பேனாக்கள் நின்றன. மறுபடி எரிந்தன. மறுபடி ஓடின.

இருமல். மங்கல்.

யா அல்லாஹ், இன்னும் கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்சமே கொஞ்ச நேரம்.

ஜெனரேட்டர் நின்றது.

மழைச் சத்தம் அதன்பிறகுதான் கேட்டது, தகரக் கூரைமேல். கூடம் முழுக்கச் சாம்பல் இருட்டு. முதலில் டேனியின் தலை மேசையில் விழுந்தது. டொக். பிறகு ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. பிறகு எண்ண முடியவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சம் மிஸ்பாவின் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அது போதவில்லை என்று ஜஹனாராவுக்குத் தெரிந்தது. பழைய கொட்டாவி ஒன்று மகளின் முகத்தில் ஏறி இறங்கியது.

மிஸ்பா பேனாவுக்கு மூடி போட்டாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“மகரிப் ஆயிருச்சும்மா.”

“இல்லடி. இன்னும் ஆகலை.”

“பாரேன், இருட்டிருச்சே.”

“ஆகலைடி மிஸ்பா. அம்மா சொல்றேன்ல. இன்னும் ஆகலை.”

மிஸ்பா எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒளு செய்கிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பக்கத்து அறைக் கொடியிலிருந்து துப்பட்டியை உருவினாள். மடிப்புப் பிரிந்தது. அந்துருண்டை தரையில் விழுந்து, சிமெண்டில் உருண்டு உருண்டு, எங்கோ சுவரில் முட்டி நின்றது.

மேசைகளுக்கு நடுவே துப்பட்டியைப் போர்த்தி நின்றாள் மிஸ்பா. கை கட்டினாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். சுஜூதுக்கு இறங்கினாள். நெற்றி தரையைத் தொட்டது.

ஜஹனாரா போன் டார்ச்சை அவள்மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைத் துணிக்குள் முதுகு ஏறவில்லை, இறங்கவில்லை. துணியின் விளிம்புக்கு வெளியே பத்து விரல்களும் தரையில் பதிந்திருந்தன. நகங்கள் சிமெண்டைக் கீறுகிற மெல்லிய சத்தத்தோடு அவளை நோக்கி வளர்ந்து வந்துகொண்டிருந்தன. கூடத்தின் எல்லா மேசைகளிலிருந்தும் அதே சத்தம் கேட்டது.

மகள் தலையைத் தூக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.